போர்டுல 412 நாள், ஆபீஸ்ல தையல் போட்ட விரல்

கேள்வி: சார், ஒரு உற்பத்தி ஆலையில சேஃப்டி ஆபீசரா சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. பர்மனென்ட், காண்ட்ராக்ட் எல்லாம் சேர்த்து 400 பேர். வேலைக்கு வர முடியாத அளவு காயம், அதான் எல்டிஐ, முந்தின வருஷம் நாலு, போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் இதுவரை சைபர். கேட்ல "விபத்தில்லாத 412 நாட்கள்"னு போர்டு இருக்கு, 500 தொட்டா எல்லாருக்கும் கிஃப்ட்னு அறிவிச்சிருக்காங்க. போன மாசம் ஒருத்தருக்கு ரோலர்ல விரல் மாட்டி தையல் போட்டாங்க, ஆனா நாலு நாள் ஆபீஸ்ல வந்து சும்மா உக்காருன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டதால அது எல்டிஐ கணக்குல வரல. ஆளுக்கு மாசம் ரெண்டு நியர் மிஸ் சீட்டு (அடிபடாம நூலிழையில தப்பினதை எழுதிக் குடுக்கறது) கட்டாயம், வர்றதெல்லாம் "தரையில தண்ணி" தான். அடுத்த ரிவ்யூ மீட்டிங்ல "விபத்தை எப்படி குறைச்சோம்"னு என்னை பிரசன்டேஷன் பண்ணச் சொல்றார் மேனேஜர். எனக்கு சந்தோஷம் வரல சார், பயம் தான் வருது. உண்மையில எதை அளக்கணும்?

பதில்:

தம்பி, பயம் வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். இந்த வேலையில இருபத்தாறு வருஷம் ஓட்டிட்டேன், அதுல முதல் பத்து வருஷம் காலையில வந்ததும் அந்த போர்டு நம்பரை மாத்தி எழுதறதுதான் சேஃப்டின்னு நினைச்சிட்டு இருந்த ஆள் தான் நானும். அதனால உங்க மேனேஜரை திட்டறதுக்கு எனக்கு வாய் வராது.

முதல்ல கணக்கைப் பாப்போம். 400 பேர், ஆளுக்கு வருஷம் சுமார் 2,500 மணி நேரம்னா மொத்தம் 10 லட்சம் மேன் அவர்ஸ். எல்டிஐ ரேட்டை 10 லட்சம் மணி நேரத்துக்கு இத்தனைன்னு தான் பல இடத்துல சொல்றோம், அப்போ உங்க 4, 1, 0 தான் உங்க ரேட்டும். இப்ப இப்படி வச்சுக்கோங்க, இந்த மூணு வருஷமா உங்க ஆலையில எதுவுமே மாறல, அதே மெஷின், அதே ஆளுங்க, அதே பழக்கம், உண்மையான சராசரி வருஷத்துக்கு ரெண்டு. அப்படி இருந்தாலும் ஒரு வருஷத்துல நாலோ அதுக்கு மேலயோ வர சுமார் 14 சதவீதம் வாய்ப்பு இருக்கு, சரியா ஒண்ணு வர 27 சதவீதம், ஒண்ணுமே வராம இருக்க கிட்டத்தட்ட 14 சதவீதம், அதாவது யாரும் எதையும் தொடாமலே ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை சைபர் வந்துடும். எக்ஸெல்லயே பாய்சான்னு ஒரு ஃபார்முலா இருக்கு, போட்டுப் பாருங்க. உங்க ஆலையில ஒண்ணுமே முன்னேறலன்னு நான் சொல்ல வரல, முன்னேறியிருக்கலாம், ஆனா அதை இந்த மூணு நம்பரை வச்சு சொல்ல முடியாது. இன்னொண்ணு, 10 லட்சம் மணி நேரத்துல சைபர்னு வந்தா கூட உண்மையான ரேட் 3 வரைக்கும் இருக்கலாம்னு புள்ளியியல்ல ஒரு கைக்கணக்கு இருக்கு, அப்போ உங்க சைபருக்கு பின்னாடி ரெண்டு உக்காந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது.

இதை பெரிய அளவுல செஞ்சு காட்டினது அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல மேத்யூ ஹாலோவெல் குழு. அங்க டிஆர்ஐஆர்னு ஒரு ரேட், 2 லட்சம் மணி நேரத்துக்கு பதிவான காயம் எத்தனைன்னு (100 பேர் ஒரு வருஷம் செய்யற வேலை அது). கட்டுமானத் துறையில 17 வருஷ டேட்டாவை எடுத்துப் போட்டு பாத்தாங்க, அந்த ரேட் ஏறி இறங்கறதுல 96-லேர்ந்து 98 சதவீதம் வெறும் தற்செயல்னு வந்துச்சு, அந்த ரேட்டுக்கும் சாவு எண்ணிக்கைக்கும் சம்பந்தமே தெரியல. இத்தனைக்கும் இதை ரெண்டு டெசிமல் போட்டு டெண்டர்ல கம்பெனிகளை ஒப்பிடறாங்க, போனஸ் குடுக்கறாங்க, 0.42 கம்பெனி 0.48 கம்பெனியை விட நல்லதுன்னு முடிவு பண்றாங்க. நானும் அந்த மாதிரி பவர்பாயின்ட் நிறைய போட்டிருக்கேன், இப்ப நினைச்சா சிரிப்பு வருது.

சரி, சின்ன காயம் குறைஞ்சா பெரிய காயமும் தானா குறையும்ல, அந்த பிரமிடு இருக்கேன்னு உங்க மீட்டிங்ல யாராவது கண்டிப்பா கேப்பாங்க. அது 1931-ல ஹெர்பர்ட் ஹைன்ரிச் எழுதினது, இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை பாத்த மனுஷன், ஒரு பெரிய காயத்துக்கு 29 சின்ன காயம், 300 காயமில்லாத சம்பவம்னு ஒரு விகிதம். விகிதம் சரியா தப்பாங்கறதை விட, அதை எப்படி படிக்கறோம்ங்கறது தான் சிக்கல். அடியில இருக்கறதை எதையாவது குறைச்சா உச்சியில இருக்கறது தன்னால குறையும்னு படிச்சுட்டோம். அமெரிக்க அரசு கணக்குல 2009-ல தனியார் துறையில நூறு பேருக்கு 3.6 காயம், 2019-ல 2.8. நல்லா இறங்கியிருக்கு. ஆனா வேலையில செத்தவங்க ரெண்டு வருஷமும் ஒரு லட்சம் பேருக்கு 3.5, அசையவே இல்ல. ஃபின்லாந்துல கட்டுமானத் துறை டேட்டாவைப் பாத்தவங்களுக்கு இதை விட விசித்திரமா வந்துச்சு, சாதாரண விபத்து பதிவு கம்மியான வருஷங்கள்ல சாவு அதிகம்.

காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல. தரையில வழுக்கறது ஒரு விஷயம், டேங்குக்குள்ள மூச்சு முட்டிச் சாகறது வேற விஷயம், ரெண்டுக்கும் வேர் ஒண்ணு கிடையாது. ஆளைக் கொல்றது உயரம், அழுத்தம், கரண்ட், சுத்துற மெஷின், ஓடுற வண்டி, விஷவாயு மாதிரி பெரிய சக்தி எங்கேயாவது கட்டவிழறது தான். பதிவாகற காயங்கள்ல ஐந்துல ஒண்ணு கிட்டத்தான் உயிர்ச்சேதம் வரைக்கும் போயிருக்கக் கூடியதுன்னு ஒரு ஆய்வு சொல்லுச்சு, மீதி நாலு பங்கு கையில கீறல், கால்ல சுளுக்கு. அதுவும் வலிதான், இல்லன்னு சொல்லல, ஆனா உங்க நேரம் முழுக்க அந்த நாலு பங்குக்குப் போனா ஐந்தாவது பங்கை யார் பாக்கறது? உங்க ரோலர் கேஸ் அந்த ஐந்துல ஒண்ணு தம்பி. விரலோட நின்னது அதிர்ஷ்டம், கையை இழுத்திருக்கும்.

அமெரிக்காவுல நடந்த டெக்சாஸ் சிட்டி கதையை உங்க மேனேஜர் கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. 2004-ல பிபிங்கற எண்ணெய் நிறுவனத்தோட ரிஃபைனரியில அங்க காய ரேட் அது வரைக்கும் இல்லாத அளவுக்கு கம்மி, அதே வருஷம் அங்க மூணு பேர் செத்தாங்க, அப்பவும் ரேட் நல்லாத்தான் இருந்துச்சு. 2005 மார்ச் 23, மெயின்டனன்ஸ் முடிச்சு ஒரு யூனிட்டை ஸ்டார்ட் பண்றாங்க, டவர்ல திரவம் அளவுக்கு மேல ஏறிட்டே போகுது, லெவல் காட்ட வேண்டிய மீட்டர் தப்பா காட்டுது, ஹை லெவல் அலாரம் அடிக்கல, கடைசியில எரியக்கூடிய திரவம் பழைய மாடல் ப்ளோடவுன் டிரம் (மிஞ்சினதை வெளியேத்தற தொட்டி) வழியா அப்படியே வெளியில பொங்கி வழிஞ்சு தீப்பிடிச்சு வெடிச்சுது. பக்கத்துல தற்காலிக ட்ரெய்லர் ஆபீஸ்ல இருந்த காண்ட்ராக்ட் ஆளுங்க, 15 பேர் செத்தாங்க, காயம் 180 பேருக்கு. அப்புறம் விசாரிக்க உக்காந்த பேக்கர் குழு 2007-ல எழுதினதோட சாரம் இது தான், தனிப்பட்ட காய ரேட் இறங்குதுங்கறதைப் பாத்துட்டு ப்ராசஸ் சேஃப்டியும் (வெடிப்பு, கசிவு மாதிரி பெருசா எதுவும் நடக்காம பாத்துக்கறது) நல்லா இருக்குன்னு நிர்வாகம் நினைச்சுக்கிச்சு. டவருக்குள்ள என்ன நடக்குதுன்னு வழுக்கி விழுந்தவன் கணக்கு எப்படிச் சொல்லும்? 1998-ல ஆஸ்திரேலியாவுல லாங்ஃபோர்டு கேஸ் பிளான்ட்லயும் இதே கதை, அந்த நிறுவனத்தோட எல்டிஐ ரெக்கார்டு பிரமாதம். 2010 ஏப்ரல் 20, டீப்வாட்டர் ஹொரைசன்ங்கற கடல் எண்ணெய்க் கிணறு தோண்டற ரிக்ல 11 பேர் செத்த அன்னிக்கு, ஏழு வருஷம் எல்டிஐ இல்லாம ஓட்டினதைப் பாராட்ட வந்த பெரிய ஆளுங்க அந்த ரிக்லயே தான் இருந்தாங்க.

இப்ப அந்த விரல். நீங்க சொல்ற "ஆபீஸ்ல வந்து உக்காரு" டெக்னிக் உலகம் பூரா இருக்கு. லைட் டியூட்டி குடுக்கறது தப்பே கிடையாது, டாக்டர் சொல்லி, அந்த ஆளு செய்யக்கூடிய உண்மையான வேலையைக் குடுத்தா அது நல்லது தான். கணக்கைக் காப்பாத்தறதுக்காக ஒருத்தரை நாற்காலியில உக்கார வைக்கறது தான் கள்ளக்கணக்கு. 500 நாள் கிஃப்ட் என்ன பண்ணும்னு யோசிங்க, 487-வது நாள் ஒருத்தனுக்கு அடிபட்டா அவன் சொல்ல மாட்டான், ஏன்னா சொன்னா 399 பேரோட கிஃப்ட் போச்சு, எவன்டா அவன்னு கேண்டீன்ல பாப்பாங்க. காயத்துக்கு கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். நிர்வாகம் காசு குடுத்து வாங்கறது பாதுகாப்பை இல்ல, மௌனத்தை. 2016-ல அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பைப் பாக்கற அரசு அமைப்பான ஓஷா கொண்டு வந்த விதியில, காயத்தை ரிப்போர்ட் பண்ணவனைப் பழிவாங்கக் கூடாதுன்னு எழுத வேண்டி வந்ததுக்கு காரணமே இந்த மாதிரி பரிசுத் திட்டங்களும் தண்டனைகளும் தான். தஹிரா ப்ராப்ஸ்ட்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் பல கம்பெனிகள்ல பாத்ததுல, சேஃப்டி சூழல் மோசமா இருக்கற இடத்துல தான் மறைக்கறதும் அதிகமா இருந்துச்சு. அப்போ ரொம்ப மோசமான இடத்தோட நம்பர் தான் ரொம்ப அழகா தெரியும், இது தான் இந்த கணக்கோட கொடுமை.

இதோட மறுபக்கம் எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு. ஏமி எட்மண்ட்சன், தொண்ணூறுகள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்பை எண்ணப் போனாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு தான் எதிர்பாத்தாங்க, டேட்டா தலைகீழா வந்துச்சு, நல்ல தலைமை இருக்கற டீம்ல தான் தப்பு அதிகம். அப்புறம் தான் புரிஞ்சுது, அங்க தப்பு அதிகமா நடக்கல, அதிகமா பேசறாங்க. அதனால நீங்க ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிச்சா முதல் வருஷம் உங்க ஃபர்ஸ்ட் எய்ட் நம்பரும் சின்ன காய நம்பரும் ஏறும், இதை இப்பவே மேனேஜர் காதுல போட்டு வச்சுடுங்க, ஏறினப்புறம் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்.

நியர் மிஸ் சீட்டுக்கு வருவோம். ஆளுக்கு ரெண்டு கட்டாயம்னா மாசம் 800 சீட்டு, அதை நீங்க ஒருத்தர் படிச்சு முடிக்கவே முடியாது, படிக்க மாட்டாங்கன்னு எழுதறவனுக்கும் தெரியும், அதான் தரையில தண்ணி. நியர் மிஸ் எதுக்குன்னு புரிய ஒரு விமானக் கதை. 1974 டிசம்பர் 1, வாஷிங்டன் பக்கத்துல டல்லஸ் ஏர்போர்ட்டுக்கு இறங்கிட்டிருந்த டிடபிள்யூஏ 514 மலையில மோதி 92 பேர் செத்தாங்க. இறங்கறதுக்கு க்ளியரன்ஸ் குடுத்த வார்த்தையை பைலட் ஒரு மாதிரி, கன்ட்ரோலர் ஒரு மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. விசாரிச்சப்போ தெரிஞ்சுது, சில வாரம் முன்னாடி வேற கம்பெனி விமானம் ஒண்ணு அதே குழப்பத்துல அதே மலையை நூலிழையில தப்பிச்சிருக்கு, அந்த கம்பெனி தன்னோட பைலட்டுங்களை எச்சரிச்சிருக்கு, வெளியில யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் 1976-ல வந்தது தான் ஏவியேஷன் சேஃப்டி ரிப்போர்ட்டிங் சிஸ்டம். அதை நடத்தறது விமானப் போக்குவரத்தை கட்டுப்படுத்தற எஃப்ஏஏ இல்ல, நாசா. தண்டிக்கற அதிகாரம் இருக்கறவன் கையில சீட்டு நேரா போகக் கூடாதுன்னு யோசிச்சு வச்ச ஏற்பாடு. எழுதறவர் பேரை எடுத்துடுவாங்க, வேணும்னு செய்யாத தப்பை நேரத்துக்கு எழுதிக் குடுத்தா தண்டனையிலேர்ந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு, வந்ததுல கத்துக்கிட்டதை மாசாமாசம் வெளியிடறாங்க. இதுல கோட்டாவே கிடையாது, கவனிச்சீங்களா.

உங்க இடத்துல நான் இருந்தா அந்த ரெண்டு சீட்டு கட்டாயத்தை முதல் வேலையா தூக்கிடுவேன். எத்தனை சீட்டு வந்துச்சுன்னு எண்ண மாட்டேன், வந்ததுல எத்தனைல "பெரிய சக்தி" இருந்துச்சு, அது எத்தனை நாள்ல சரியாச்சு, எழுதினவன் கிட்ட போய் "இப்படி பண்ணிட்டோம்"னு யாராவது சொன்னாங்களான்னு எண்ணுவேன். ஒருத்தன் மூணு தடவை எழுதி ஒண்ணும் நடக்கலன்னா நாலாவது தடவை பேனாவைத் தொட மாட்டான், நானா இருந்தாலும் தொட மாட்டேன்.

அப்புறம் தடுப்புகள், உண்மையில உங்க டேஷ்போர்டு பூரா இது தான் இருக்கணும். 1984 டிசம்பர், போபால். அந்த ராத்திரி விஷவாயு கசிஞ்சதை விபத்துன்னோ சதின்னோ எப்படி பேசினாலும், அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடிய விஷயங்கள் இருந்துச்சு, எம்ஐசிங்கற அந்த விஷ ரசாயனம் இருந்த டேங்கை குளிர வைக்கற ரெஃப்ரிஜரேஷன் மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்தாங்க, வாயுவை எரிக்க வேண்டிய ஃப்ளேர் டவருக்குப் போற பைப் ஒரு துண்டு கழட்டி வச்சிருந்துச்சு, வாயுவைக் கழுவி விஷத்தை முறிக்க வேண்டிய ஸ்க்ரப்பர் ஸ்டான்ட்பைல இருந்துச்சு. இந்த மூணையும் டிசம்பர் 1-ம் தேதி மதியம் ஒருத்தர் நடந்து போய் பாத்து எழுதியிருக்க முடியும், அன்னிக்கு யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டிய அவசியமே இல்ல.

உங்க ஆலையில ஆளைக் கொல்லக்கூடிய பத்துப் பன்னிரண்டு வேலை என்னென்னன்னு உக்காந்து எழுதுங்க, மெயின்டனன்ஸ் ஃபிட்டரையும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நிக்கற தடுப்பு எது, இன்டர்லாக்கா (மூடி திறந்தா மெஷினை நிறுத்தறது), மெஷின் மேல மூடியா, லாக்அவுட்டா (ரிப்பேர் நேரத்துல மெஷின் ஓடாம பூட்டு போடறது), கேஸ் டெஸ்ட்டா, அது இன்னிக்கு வேலை செய்யுதா. ராத்திரி ஷிஃப்ட்ல பத்து லாக்அவுட்டைப் போய்ப் பாத்தா எத்தனை சரியா இருக்கு, எத்தனை இன்டர்லாக்கை ஒயர் போட்டு பைபாஸ் பண்ணியிருக்காங்க, டெஸ்ட் பண்ண தேதி தாண்டின சேஃப்டி வால்வு எத்தனை. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு தனியா எண்ணுங்க, டெக்சாஸ் சிட்டியில செத்த 15 பேரும் அவங்க தான். கூடவே, போன வருஷம் விபத்து விசாரணைக்கு அப்புறம் எடுத்த நடவடிக்கைகளைப் பிரிச்சுப் பாருங்க, "மறுபடி ட்ரெயினிங் குடுத்தோம், க்ளவுஸ் குடுத்தோம், எச்சரிச்சோம்" எத்தனை, மெஷினையோ முறையையோ மாத்தினது எத்தனை. ஆபத்தை எடுத்துடறது, மாத்தறது, மூடி போடறது மேல, விதியும் ஹெல்மெட்டும் கடைசின்னு உங்களுக்கு படிப்புலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க. நான் பாத்த பெரும்பாலான இடத்துல அந்த ஏணி தலைகீழா நிக்குது.

சூப்பர்வைசரை மறந்துடாதீங்க. டோவ் ஸோஹர்ங்கற ஆய்வாளர் 1980-ல இஸ்ரேல்ல 20 தொழிற்சாலையில தொழிலாளிங்க கிட்ட கேட்டு, நிர்வாகம் உண்மையில எதுக்கு முன்னுரிமை குடுக்குதுன்னு அவங்க நினைக்கறதை அளந்தார், சேஃப்டி க்ளைமேட்ங்கற வார்த்தை அங்கேருந்து தான் பிரபலமாச்சு. 2002-ல இன்னொண்ணு பண்ணார், சூப்பர்வைசர்கள் ஆளுங்க கிட்ட பேசறதுல சேஃப்டி பத்தி எவ்ளோ பேசறாங்கன்னு ஆளுங்க கிட்டயே கேட்டு வாராவாரம் சூப்பர்வைசருக்கே காட்டினார், அவ்ளோதான், பேச்சு கூடுச்சு, சின்ன காயம் குறைஞ்சுது. போஸ்டர் அடிக்கறதை விட செலவு கம்மி.

ஒரு எச்சரிக்கை, இந்த புது நம்பர்களும் கெட்டுப் போகும். எதை டார்கெட் ஆக்கினாலும் அது அளவுகோலா இருக்கறதை நிறுத்திடும், குட்ஹார்ட் விதின்னு பொருளாதாரத்துல சொல்வாங்க. நான் ஒரு இடத்துல சேஃப்டி அப்சர்வேஷன் 100 சதவீதம்னு மூணு மாசம் பெருமையா காட்டினேன், அப்புறம் ஃபைலைப் புரட்டினா எல்லாமே மாசக் கடைசி ரெண்டு நாள்ல, ஒரே கையெழுத்துல. அதனால இந்த எண்களை போனஸோட கட்டாதீங்க, மாசம் ஒரு தடவை சும்மா பத்து சீட்டை எடுத்து நேர்ல போய்ப் பாருங்க. வெளியாள் திடீர்னு வந்து பாக்கறதுக்கும் மதிப்பு இருக்கு, கலிஃபோர்னியாவுல குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்‌ஷன் பண்ண இடங்கள்ல காயம் 9.4 சதவீதம் குறைஞ்சுதுன்னும் வேலைவாய்ப்பு பாதிக்கலன்னும் 2012-ல ஒரு ஆய்வு வந்துச்சு, இன்ஸ்பெக்டர் வந்தா தொழில் படுத்துடும்னு புலம்பறவங்க கிட்ட காட்டலாம்.

மீட்டிங்ல என்ன பேசறது? "குறைச்சோம்"னு சொல்லாதீங்க, மேனேஜரைக் கூட்டத்துல வச்சு கவுக்கவும் கவுக்காதீங்க, முன்னாடி நாளே தனியா போய் உக்காந்து பேசுங்க. முதல் ஸ்லைடு 4, 1, 0, பக்கத்துல அந்த 14, 27, 14 சதவீதக் கணக்கு. ரெண்டாவது ஸ்லைடு ஆளைக் கொல்லக்கூடிய வேலை பட்டியலும் இந்த வாரம் நீங்க நேர்ல பாத்த தடுப்புகளோட நிலையும், சிவப்பு இருந்தா சிவப்பாவே காட்டுங்க. மூணாவது, 500 நாள் கிஃப்டை நாளோட கட்டாம இப்பவே குடுத்துடலாம்னு ஒரு யோசனை, அறிவிச்சதை ரத்து பண்ணா ஆளுங்க கோபம் உங்க மேல தான் வரும், குடுத்துட்டு போர்டைக் கழட்டறது சுலபம். எல்டிஐ எண்ணறதை நிறுத்த வேண்டியதில்ல, சட்டத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் எப்படியும் வேணும், அதை வச்சு யாரையும் பாராட்டவோ திட்டவோ வேணாம், அவ்ளோதான்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அந்த விரல் கேஸை ரெஜிஸ்டர்ல உள்ளது உள்ளபடி ஏத்துங்க. போர்டு சைபருக்குப் போகும், ரெண்டு நாள் முகம் சுளிப்பாங்க, பரவால்ல. சூப்பர்வைசர் மேல ஆக்‌ஷன் எடுக்க விடாதீங்க, அவர் அந்த போர்டு சொன்னதைத் தான் செஞ்சார். அடிபட்டவர் கிட்ட நீங்களே போய் ஒரு அரை மணி நேரம் உக்காருங்க, தனியா, நோட்டை மூடி வச்சுட்டு. ஏன்னா உங்க கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன் தம்பி, எல்டிஐ-ல வந்துச்சா வரலையா, எத்தனை நாள் ஆபீஸ்ல உக்காந்தார்னு எல்லாம் இருக்கு, ரோலர் ஓடிட்டிருக்கும்போது அவர் கை எப்படி அங்க போச்சு, மூடி எங்க இருந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. அதை விசாரிச்சுட்டு எனக்கு மறுபடி எழுதுங்க.